பெரிய டிவியில் எஸ்டி சேனல்: எந்த அளவு வாங்கினால் படம் பார்க்கும்படி இருக்கும்?

பெரிய தட்டைத் திரை டிவி வாங்கியவர்கள் பலர் முதல் நாளே சொல்லும் புகார் ஒன்று உண்டு: "பழைய டிவியிலேயே படம் நல்லா இருந்துச்சு." கடையில் பளிச்சென்று கண்ணைப் பறித்த அதே திரையில், வீட்டு டிஷ்ஷின் சேனலைப் போட்டதும் முகங்கள் வழவழவென்று விவரமே இல்லாமல் தெரிகின்றன. பந்து ஓடும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கீழே ஓடும் செய்தி எழுத்துகளைச் சுற்றி ஏதோ அழுக்கு நெளிகிறது. டிவியில் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் டிவியில் ஒரு குறையும் இருக்காது. அந்தச் சேனல் முன்பும் இப்படித்தான் வந்துகொண்டிருந்தது, சின்னத் திரை அதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டது.

வீட்டில் பெரும்பாலான நேரம் செயற்கைக்கோள் வழியாக வரும் எஸ்டி சேனல்களைத்தான் (ஸ்டாண்டர்டு டெஃபனிஷன், அதாவது எச்டிக்கு முந்தைய சாதாரணத் தரம்) பார்ப்பீர்கள் என்றால், டிவி வாங்கும் கணக்கே வேறு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 4கே, 8கே என்ற எண்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா.

எஸ்டி படத்துக்குள் எவ்வளவு இருக்கிறது?

டிவி படம் என்பது புள்ளிகளால் ஆனது. 50 ஹெர்ட்ஸ் முறையைப் பின்பற்றும் நாடுகளில் ஒரு முழு எஸ்டி படத்தில் மேலிருந்து கீழாக 576 வரிகள், ஒவ்வொரு வரியிலும் 720 புள்ளிகள். மொத்தம் 4,14,720 புள்ளிகள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் வரிகள் இன்னும் குறைவு, 480தான். முழு எச்டி திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. 4கே திரையில் 82,94,400.

இந்த எண்களை வகுத்துப் பாருங்கள். 576 வரி எஸ்டி படத்தைப் போல முழு எச்டி திரை சரியாக 5 மடங்கு, 4கே திரை சரியாக 20 மடங்கு. அதாவது 4கே டிவியில் எஸ்டி சேனலைத் திரை முழுக்க விரித்துப் பார்க்கும்போது, 20 புள்ளிகளில் ஒரு புள்ளி அளவுக்குத்தான் சேனலிலிருந்து விவரம் வருகிறது. மீதி 19 புள்ளிகளை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது.

அந்த 720 புள்ளிகளும் முழுதாக வருகிறதா என்றால், பல சேனல்களில் அதுவும் இல்லை. இடத்தை மிச்சப்படுத்த, ஒரு வரிக்கு 544 அல்லது 480 புள்ளிகளாகக் குறைத்து அனுப்புவது செயற்கைக்கோள் ஒளிபரப்பில் சாதாரணம். நிறத்தின் விவரம் இன்னும் குறைவு: நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல் என்ற விகிதத்தில்தான் அது போகிறது. கருஞ்சிவப்புப் புடவையின் ஓரம் பின்னணிக்குள் கசிந்தாற்போல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் வருவது சுருக்கம். எஸ்டி தரத்தின் பெரும்பகுதியைத் தின்பது இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்ற ஒரு கருவி, ஒரு குறிப்பிட்ட அலைவரிசைப் பட்டையைக் கீழே அனுப்புகிறது. டிவிபி-எஸ் என்ற முதல் தலைமுறை முறையில் வழக்கமான ஓர் அமைப்பில் அதன் கொள்ளளவு நொடிக்கு சுமார் 38 மெகாபிட் (பிட் என்பது டிஜிட்டல் தகவலின் மிகச் சிறிய அலகு, மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட்). இந்த 38ஐ ஒரே சேனல் அனுபவிப்பதில்லை. பத்து, பன்னிரண்டு சேனல்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு டிவிடி வட்டில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம். செயற்கைக்கோள் எஸ்டி சேனல் பலவற்றுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று மெகாபிட்தான். டிவிடியும் எஸ்டிதான், சேனலும் எஸ்டிதான், ஆனால் ஒரே டிவியில் டிவிடி தெளிவாகவும் சேனல் மங்கலாகவும் தெரிவதன் ரகசியம் இங்கே இருக்கிறது.

பழைய எம்பெக்-2 சுருக்க முறை படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. பிட் போதவில்லை என்றால் சதுரங்களுக்குள் இருக்கும் நுண்விவரத்தை உதறிவிடுகிறது. படம் வேகமாக மாறும்போது நீங்கள் பார்க்கும் கட்டங்கள் அந்தச் சதுரங்களேதான். 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 என்ற எம்பெக்-4 முறை, ஏறக்குறைய பாதி பிட்டில் அதே தரத்தைத் தரக்கூடியது. ஆனால் அப்படி மிச்சமாகும் இடத்தில் படத்தின் தரத்தை உயர்த்துவதைவிட இன்னும் நான்கு சேனல்களைச் சேர்ப்பதே நிறுவனங்களுக்கு லாபம்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். ஒரே சேனல் காலையில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருக்கும். பங்கு போடும் கருவி ஒவ்வொரு நொடியும் எந்தச் சேனலுக்கு அதிகம் தேவை என்று பார்த்து பிட்டை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. பக்கத்துச் சேனல்களில் விளையாட்டும் சண்டைக் காட்சியும் ஒரே நேரத்தில் ஓடினால் எல்லோருக்கும் தட்டுப்பாடுதான்.

பாதிப் படமாக வரும் படம்

எஸ்டி படம் முழுப்படமாக வருவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என்று நொடிக்கு 50 பாதிப் படங்களாக (60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 60) வருகிறது. பழைய பிக்சர் டியூப் டிவி அதை அப்படியே வரி வரியாக வரைந்தது. தட்டைத் திரையோ எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் காட்ட வேண்டியது, ஆகவே இரண்டு பாதிகளையும் இணைத்து முழுப்படம் செய்தாக வேண்டும். அசையாத காட்சியில் இது சுலபம். ஓடுகிற ஆளின் முதல் பாதி ஓர் இடத்திலும் அடுத்த பாதி இன்னோர் இடத்திலும் இருக்கும்போதுதான் சிக்கல். இணைப்பு வேலையைச் சரியாகச் செய்யாத டிவியில் கை, கால், மைதானத்துக் கோடு எல்லாவற்றின் ஓரமும் ரம்பப் பல் மாதிரி தெரியும்.

எஸ்டி பார்ப்பவர்களுக்கு நல்ல டிவிக்கும் சுமாரான டிவிக்கும் இருக்கும் வித்தியாசம் வேறெங்கும்விட இந்த வேலையில்தான் பளிச்சென்று தெரிகிறது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட வராது.

பிக்சர் டியூப் டிவிக்கு இன்னொரு சாதகமும் இருந்தது. அதன் ஒளிப்புள்ளியின் ஓரங்கள் மிருதுவானவை. ஒரு புள்ளி அடுத்ததோடு லேசாகக் கலந்துவிடுவதால் கட்டங்களின் விளிம்பு மழுங்கிப் போகும். 21 அங்குல டிவியில் படத்தின் உயரமே 30 சென்டிமீட்டர் அளவுதான் என்பதால், மிச்சக் குறைகளைத் தூரம் மறைத்துவிடும்.

அளவு நாடாவை எடுங்கள்

தூரத்தைப் பற்றிய கணக்கு எளிதானது. நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு. 576 வரிகள் கொண்ட படத்தில் ஒரு வரியின் உயரம் அந்தக் கோணத்துக்குள் அடங்க வேண்டுமென்றால், படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். ஒளிபரப்புப் பொறியாளர்கள் எஸ்டிக்கு எடுத்துக்கொள்ளும் தூரமும் இதுதான். முழு எச்டிக்கு அது சுமார் மூன்று மடங்கு, 4கேவுக்கு ஒன்றரை மடங்கு. பெரிய டிவியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லும் ஆலோசனைகள் எல்லாம் எச்டியையும் 4கேவையும் மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

டிவியின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அகலத் திரையில் உயரம் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 32 அங்குல டிவியில் படத்தின் உயரம் 40 சென்டிமீட்டர், ஆறு மடங்கு என்றால் 2.4 மீட்டர். 43 அங்குலத்துக்கு 3.2 மீட்டர், 50க்கு 3.7, 55க்கு 4.1. 65 அங்குல டிவி என்றால் கிட்டத்தட்ட 4.9 மீட்டர் வேண்டும், அவ்வளவு நீளமான கூடம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

இந்த ஆறு மடங்கை இம்மி பிசகாமல் பிடிக்க வேண்டியதில்லை. ஐந்து மடங்கு வரை நெருங்கினாலும் ஓரளவு பிட் கிடைக்கும் சேனல் பார்க்கும்படிதான் இருக்கும். அதற்கும் கீழே போனால், சுருக்கக் கட்டங்கள் ஒவ்வொன்றும் எட்டுப் புள்ளி அகலம் என்பதால், அவை தனித்தனியாகக் கண்ணில் குத்தும். சோபாவுக்கும் சுவருக்கும் 3 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 43 அங்குலம் நிம்மதியான தேர்வு. 50 அங்குலம் எல்லைக்கோடு. 55 வாங்கினால் நான்கரை மடங்குக்கும் கீழே வந்துவிடுகிறீர்கள். எஸ்டி மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பழைய 29 அங்குல பிக்சர் டியூப் டிவியை மாற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய 32 அங்குல டிவி உயரத்தில் அதற்கு ஏறக்குறைய சமம்தான். பக்கவாட்டில்தான் நீளம் கூடியிருக்கிறது. ஆகவே "32 சின்னதாக இருக்கிறதே" என்ற ஏக்கம் வருவது இயல்பு, 40, 43 வரை போவதில் தவறில்லை.

சரி, வீட்டில் ஒருவர் எஸ்டி செய்தி பார்க்கிறார், இன்னொருவர் இணையத்தில் 4கே படம் பார்க்கிறார் என்றால்? யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். பாதிக்குப் பாதி என்றால் ஓர் அளவு மேலே போய், எஸ்டி பார்க்கும்போது நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். முக்கால்வாசி நேரம் எஸ்டிதான் ஓடும் என்றால் அந்த முக்கால்வாசிக்கே டிவி வாங்குங்கள்.

எந்தத் திரை?

50 அங்குலத்துக்கு மேல் இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் 4கே டிவிகளே. அதற்காகப் பயப்பட வேண்டாம், 4கே என்பதாலேயே எஸ்டி கெட்டுப்போவதில்லை. விடுபட்ட புள்ளிகளை நிரப்பும் சிப் எவ்வளவு திறமையானது என்பதில்தான் விஷயம். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவு டிவிகளில் கூட, கீழ்நிலை மாடலில் ஒரு சிப்பும் மேல்நிலை மாடலில் வேறு சிப்பும் இருக்கும். அளவைக் கூட்ட வைத்திருக்கும் பணத்தை, ஓர் அளவு குறைத்து மேல்நிலை மாடலில் போடுவது எஸ்டி பார்ப்பவருக்கு நல்ல வியாபாரம். செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தை மேம்படுத்துகிறது என்று சொல்லும் டிவிகள், ஓரங்களைச் சீராக்குவதிலும் கட்டங்களைக் கரைப்பதிலும் உண்மையிலேயே உதவக்கூடும். ஒளிபரப்பில் தொலைந்துபோன கண் இமையை அவற்றால் திரும்பக் கொண்டுவர முடியாது, இமை இருந்திருக்கும் என்று ஊகித்து வரையத்தான் முடியும். 8கே உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

ஓஎல்இடி, எல்இடி என்ற வேறுபாடு எஸ்டியைப் பொறுத்தவரை இரண்டாம் பட்சம். ஓஎல்இடியின் ஆழமான கறுப்பு அழகுதான், ஆனால் இருட்டுக் காட்சிகளில் சுருக்கக் கட்டங்கள் அதில் சில சமயம் இன்னும் துலக்கமாகத் தெரியும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால், எல்இடி டிவிகளில் ஐபிஎஸ் வகைத் திரை கோணத்தில் நிறம் மாறாமல் காட்டும். நேராக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு விஏ வகையில் கறுப்பு நன்றாக இருக்கும்.

கடையில் எதைப் பார்ப்பது

கடையில் ஓடிக்கொண்டிருக்கும் பூக்கள், பறவைகள், கடற்கரை எல்லாம் டிவியைக் காட்டுவதற்கென்றே எடுத்த 4கே காட்சிகள். அவற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "எஸ்டி சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, வீட்டில் பார்க்கப்போவது அதைத்தானே. கடைக்கென்று வைத்திருக்கும் பளீர் அமைப்பை மாற்றி, சாதாரண வீட்டு அமைப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் அளந்த தூரத்தை மனத்தில் வைத்து அவ்வளவு தள்ளி நில்லுங்கள்.

முதலில் ஓடும் எழுத்துகளைப் பாருங்கள், இழுத்துக்கொண்டு போகிறதா, சுற்றிலும் நெளிகிறதா என்று தெரியும். பிறகு ஏதாவது மைதான விளையாட்டு. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது புல்வெளி முழுதும் பச்சைக் குழம்பாக மாறுகிறதா, சாய்வான வெள்ளைக் கோடுகள் படிக்கட்டு போல் உடைகின்றனவா? இந்த இரண்டிலும் தேறும் டிவி மற்றவற்றிலும் தேறிவிடும்.

கடையில் டிஷ் இணைப்பு இல்லையென்றால் எஸ்டி வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். புள்ளி நிரப்பும் திறமையை அது காட்டிவிடும். ஆனால் பென்டிரைவில் நாம் வைத்திருக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே முழுப்படங்களாக மாற்றப்பட்டவை. பாதிப் படங்களை இணைக்கும் வேலையை அவற்றைக் கொண்டு சோதிக்க முடியாது. நேரடிச் சேனல் கிடைத்தால் அதுதான் சிறந்தது.

வீட்டுக்கு வந்தபின்

செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அந்த மஞ்சள் வயர் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவதால் நிற ஓரங்களில் புள்ளிகள் ஊர்வது போல் தெரியும். பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்தால் அதில் போடுங்கள். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் தேவையில்லை. படம் குறையில்லாமல் வந்து சேர்ந்தால் சாதாரணக் கேபிளிலும் அதே படம்தான்.

அடுத்து பாக்ஸின் மெனுவுக்குள் போங்கள். படத்தை எந்த அளவில் வெளியே அனுப்புவது என்று ஓர் அமைப்பு இருக்கும்: 576, 720, 1080 என்று. 1080 வைத்தால் படத்தைப் பெரிதாக்கும் வேலையில் முதல் பங்கைப் பாக்ஸே செய்துவிடுகிறது, உங்கள் டிவியின் நல்ல சிப்புக்கு அசல் படம் போய்ச் சேருவதில்லை. 576 வைத்தால் அசலை டிவி வாங்கித் தானே பெரிதாக்குகிறது. பாக்ஸைவிட டிவி திறமையானது என்றால் இரண்டாவது வழி மேல். நல்ல பாக்ஸ், மலிவான டிவி என்றால் தலைகீழ். ஒரே விளையாட்டை இரண்டு அமைப்பிலும் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்படி மாற்றும்போது தோலின் நிறமோ புல்லின் பச்சையோ லேசாக மாறினால் ஆச்சரியப்பட வேண்டாம். எஸ்டிக்கும் எச்டிக்கும் நிறக் கணக்குகள் வேறு வேறு. சில பாக்ஸ்கள் படத்தைப் பெரிதாக்கும்போது அந்தக் கணக்கைச் சரியாக மாற்றுவதில்லை.

டிவியின் அமைப்புகளில் முதலில் கை வைக்க வேண்டியது ஷார்ப்னெஸ். மங்கலாக இருக்கிறதே என்று எல்லோரும் அதைக் கூட்டுகிறார்கள். அது விவரத்தைக் கூட்டுவதில்லை, இருக்கிற ஓரங்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு வரைகிறது. அந்தக் கோடு சுருக்கக் கட்டங்களின் ஓரத்திலும் விழும். ஆகவே குறையுங்கள், எழுத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். விவிட் என்ற பளீர் அமைப்பை விட்டு ஸ்டாண்டர்டு அல்லது சினிமாவுக்கு வாருங்கள். இரைச்சல் குறைப்பு என்ற நாய்ஸ் ரிடக்‌ஷனை 'லோ'வில் வைத்தால் நெளிவு அடங்கும். 'ஹை'யில் வைத்தால் முகத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச விவரமும் போய்விடும். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் அமைப்பை எஸ்டிக்கு அணைத்துவிடுவதே நல்லது. கட்டம் கட்டமான படத்தில் இடைப் படங்களை ஊகிக்கப் போய், ஓடுபவரைச் சுற்றிக் கிழிசல் வந்துவிடும்.

படத்தின் வடிவத்தையும் சரிபாருங்கள். 4:3 வடிவத்தில் வரும் நிகழ்ச்சியை 16:9 திரை முழுக்க இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். ஜூம் செய்தால் வடிவம் சரியாக இருக்கும், ஆனால் மேலும் கீழும் சேர்த்து கால்வாசி வெட்டுப்பட்டு, 576 வரிகளில் 432தான் மிஞ்சும். இருபுறமும் கறுப்புப் பட்டையோடு விட்டுவிடுங்கள், எஸ்டிக்கு அதுவே நல்ல காட்சி. நான்கு பக்கமும் கறுப்பாக, நடுவில் சின்னதாக அகலப் படம் வருகிற சேனல்களுக்கு மட்டும் ஜூம் பொருத்தம்.

டிஷ்ஷை மாற்றினால் படம் தெளிவாகுமா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. டிஜிட்டல் சிக்னல் போதுமான அளவு வந்தால் முழுப்படம் கிடைக்கும், அதற்குமேல் எவ்வளவு பலமாக வந்தாலும் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. படம் உறைந்து நிற்பது, துண்டு துண்டாகச் சிதறுவது, மழையில் காணாமல் போவது, இவற்றுக்குத்தான் டிஷ்ஷைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

தெளிவு வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் அதே சேனலின் எச்டி ஒளிபரப்பு. நீங்கள் அதிகம் பார்க்கும் நான்கைந்து சேனல்களுக்கு எச்டி இருக்கிறதா, உங்கள் பாக்ஸ் எச்டி பாக்ஸா என்று டிவி வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இருந்தால் மேலே சொன்ன தூரக் கணக்கு பாதியாகக் குறைந்து, அதே 3 மீட்டரில் 65 அங்குலம் கூடத் தாராளமாகப் பொருந்தும். எச்டி பாக்ஸ் இருந்தும், சந்தாவில் எச்டி சேனல் இருந்தும், பழகிய எஸ்டி எண்ணையே ரிமோட்டில் அழுத்திக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. ஒரே சேனலுக்கு எச்டி எண் வேறாக இருக்கும். அந்த எண்களைத் தேடி பாக்ஸின் விருப்பப் பட்டியலில் சேர்த்துவையுங்கள், வீட்டில் பெரியவர்களுக்கு அந்தப் பட்டியலை எப்படித் திறப்பது என்று ஒரு தடவை காட்டிக்கொடுங்கள்.